லிஃப்ட்காரன் நிக்கட்டும்

தட்டாதீங்க சார். நீங்க தட்டுகிற சத்தம் வெளியே போகாது, என் காதுக்குள்தான் போகும். கரண்ட் போகவில்லை, விளக்கு எரிகிறது பாருங்க. இது வேறு கோளாறு. இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் தொங்குகிறோம், அவ்வளவுதான். போனில் சொல்லிவிட்டேன். மெக்கானிக் பாளையங்கோட்டையிலிருந்து வர வேண்டும். வழியில் டீ குடித்துவிட்டுத்தான் வருவான். மூச்சு முட்டாது, மேலே காற்றாடி சுற்றுகிறது.

பையைக் கீழே வைத்துவிட்டு அந்த அட்டைப்பெட்டி மேல் உட்காருங்க. அமுங்காது. உள்ளே வெட்டுத்துணியைத் திணித்துத் திணித்துக் கல் மாதிரி ஆக்கி வைத்திருக்கிறான் ஒரு பாவி. யார் என்று சொல்கிறேன். அவனைப் பற்றிச் சொல்ல இப்படி ஒரு ஆள் சிக்க மாட்டானா என்று காத்துக்கிடந்தேன். எல்லாரும் ஒரு மாடியில் ஏறி அடுத்த மாடியில் இறங்கிவிடுகிறார்கள். அதற்குள் என்ன கதை சொல்வது, தலைப்பு சொல்லலாம்.

என் பெயர் ஆவுடையப்பன். சட்டையில் குத்தியிருக்கிறது. நீங்க படித்திருக்க மாட்டீங்க, யாரும் படிப்பதில்லை. ஏறும்போது நீங்க என்ன சொன்னீங்க? "தம்ம்பி... மூணு." அப்படித்தானே? மூக்கால், பாதித் தூக்கத்தில், வீட்டம்மா தேடுவாளே என்கிற பயத்தில். சிரிக்கிறீங்களா, கோபப்படுகிறீங்களா? எனக்கு எதுவானாலும் சரி. யார் ஏறினாலும் இறங்குவதற்குள் அவர்கள் குரல் என்னிடம் வந்துவிடும். திருப்பிக் கொடுக்க மாட்டேன்.

என் வேலை என்ன என்று கேளுங்க. நீங்க மூணு என்றால் நான் மூன்றை அழுத்துவேன். உங்கள் கைக்கும் அந்தப் பொத்தானுக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருக்கிறது, அந்த ஒரு சாணுக்குச் சம்பளம் கொடுத்து ஒரு ஆள். அழுத்திவிட்டு "மூன்றாவது மாடி, பட்டுப் பிரிவு" என்று நான் சொல்ல வேண்டும். நான் சொல்லி வாயை மூடியதும் மேலே அந்த ஓட்டைக்குள்ளிருந்து ஒரு பொம்பளை அதையே சொல்வாள். ரெக்கார்டு. அவள் என்னைவிடச் சுத்தமாகச் சொல்வாள். அவளுக்குச் சளி பிடிக்காது. முக்கியமாக அவளுக்குக் கால் கிடையாது. எனக்கு இருக்கிறது. காலையில் கடை திறப்பதிலிருந்து ஷட்டர் இறக்குகிறவரை நின்றபடியே மேலே போகிறேன், நின்றபடியே கீழே வருகிறேன். அப்பா மினிபஸ் ஓட்டுகிறார். அவரும் இதேபோல் போன வழியிலேயே திரும்பி வருகிறவர்தான். ஆனால் அவர் லீவு போட்டால் ஒரு ஊரே ரோட்டில் நின்று திட்டும். நான் லீவு போட்டால் நீங்களே அழுத்திக்கொள்வீங்க. அவ்வளவுதான் நான்.

பைத்தியம் பிடிக்காமலிருக்க எனக்கு இருப்பது இந்தத் தொண்டை ஒன்றுதான். முதலில் ஓட்டைக்காரி குரலை எடுத்தேன். ஒருநாள் அவளுக்கு முந்திக்கொண்டு, "எட்டாவது மாடி, மயானம். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளவும்" என்றேன். கடையில் ஐந்து மாடிதான். உள்ளே இருந்த ஒரு அம்மா, கதவு திறந்ததும் கும்பிட்டுவிட்டுப் படிக்கட்டில் இறங்கிப் போய்விட்டார். அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது எனக்கு.

ஆனால் இந்தத் தொண்டையால் போனதும் உண்டு. செல்போன் கடையில் ஓனரின் சம்சாரம் குரலில் ஓனரை மீன் வாங்க அனுப்பினேன், அந்த வேலை போயிற்று. பரோட்டா கடையில் மாஸ்டர் குரலில் அடுப்பை அணைக்கச் சொன்னேன், அதுவும் போயிற்று. அப்பா மூன்றாவதாக இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு ஒன்று சொன்னார். "இதுவும் போச்சுன்னா வீட்டுக்கு வராதல. நீ பேசுதியா வேற எவனும் பேசுதானான்னே எனக்குத் தெரிய மாட்டேங்கு." அவர் சொன்னதைச் செய்கிற ஆள். அவர் குரல் மட்டும்தான் எனக்கு வரவில்லை, முயற்சி செய்துபார்த்தேன்.

சரி, அந்தப் பாவிக்கு வருகிறேன். பெயர் இசக்கிப்பாண்டி. சூப்பர்வைசர். மூன்றாவது மாடியில் லிஃப்டுக்கு நேர் எதிரே மேஜை. எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள். முகத்துக்கு நேரே நானும் அப்படித்தான் சொல்வேன், வேறு வழி? அந்தாளின் வேலை என்ன தெரியுமா? "சாயாத." அவ்வளவுதான் வேலை. புடவை எடுத்துப்போடும் பிள்ளைகள் கொஞ்சம் அலமாரியில் முதுகை வைத்தால் போதும், அந்த மாடியின் கடைசியிலிருந்து வரும், "சாயாத. அலமாரி விழாது, நீ நேரா நில்லு." என்னைப் பார்த்தால், "எல ஆவுடை, லிஃப்டை விட்டு நகராத." நான் எங்கே நகர? லிஃப்டுதான் நகர்கிறது.

இன்ஸ்கர்ட் பிரிவில் முத்துச்செல்வி அக்கா என்று ஒருத்தி. சாயங்காலம் அவள் கால் செருப்புக்குள் நுழையாது, கையில் தூக்கிக்கொண்டு போவாள். உட்கார ஸ்டூல் இல்லையா என்றால், இருக்கிறது. கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது வாங்கிப் போட்டார்கள். அதிகாரி வருகிற அன்றைக்குக் கீழே கோடவுனிலிருந்து மேலே வரும். அவர் போனதும் கோடவுனுக்குப் போய்விடும். ஸ்டூலுக்குக்கூட என்னைவிட நல்ல வேலை, சார். வருஷத்துக்கு ஒரு நாள்.

போன ஆனி மாதம் முதலாளிக்கு மூட்டில் ஆபரேஷன். வீட்டில் படுத்தபடியே ராஜ்யம் நடத்தினார். அவர் போன் பண்ணினால் ஐந்தாவது மாடி ஆபீஸில் எடுத்து, அந்தந்த மாடி இன்டர்காமுக்குத் தள்ளிவிடுவார்கள். அவர் குரல் தெரியுமா உங்களுக்கு? ஓட்டைப் பித்தளை அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசுகிற குரல். "ஏ இசக்கி, காது இருக்கா? சொல்லுதத கேளு." இப்படி ஆரம்பித்து "வெளங்குதா?" என்று முடிப்பார். இந்த லிஃப்டில் இருக்கிற போன், பாருங்க, இதோ இது, இதை எடுத்தால் நேரே இசக்கிப்பாண்டி மேஜையில் அடிக்கும். ஆபீஸிலிருந்து வந்தாலும் அதே மணிதான், இங்கிருந்து அடித்தாலும் அதே மணிதான். புரிகிறதா நான் எங்கே போகிறேன் என்று?

முதல் தடவை சும்மா சோதனைக்கு. லிஃப்டை நடுவில் நிறுத்திவிட்டு அண்டாவுக்குள் தலையை விட்டேன். "ஏ இசக்கி, காது இருக்கா? மூணாம் மாடிப் பொம்மையெல்லாம் ஜன்னலைப் பாத்துத் திருப்பு. வெளங்குதா?" சரி முதலாளி என்றான். கொஞ்ச நேரம் கழித்து மேலே போய்ப் பார்க்கிறேன், பட்டுப்புடவை கட்டின பொம்மையெல்லாம் வாடிக்கையாளருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்து நிற்கின்றன. இசக்கிப்பாண்டி நடுவில் நின்று கடைசிப் பொம்மையின் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறான். நான் கதவை மூடிக்கொண்டு உள்ளேயே உருண்டேன் சார். சாயங்காலம் அவனே எல்லாவற்றையும் பழையபடி திருப்பி வைத்தான். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவு பயந்தாங்கொள்ளி.

பிறகுதான் அந்தப் பெரிய யோசனை வந்தது. எனக்கு ஸ்டூல் மேல் அக்கறை இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முத்துச்செல்வி அக்கா காலுக்காகச் செய்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. அந்தாளை மாடிப்படியில் மூட்டை சுமக்க வைக்க வேண்டும், அதுதான் எண்ணம். சாயாத சாயாத என்கிறவன் ஸ்டூலைத் தலையில் வைத்துக்கொண்டு மூச்சிரைக்க ஏறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். 

"ஏ இசக்கி, காது இருக்கா? கோடவுன்ல கெடக்க ஸ்டூலையெல்லாம் நீயே தூக்கிட்டு வந்து போடு. லிஃப்ட்ல ஏத்தக் கூடாது. படியில தூக்கு. வெளங்குதா?"

சரி முதலாளி என்றான். பிறகு மெதுவாகக் கேட்டான். "போட்டுட்டு, பிள்ளேளை உக்காரச் சொல்லவா முதலாளி?"

நான் ஸ்டூலோடு நிறுத்தலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் முதலாளி தடுமாறுவாரா? "பின்ன? பாக்கதுக்கா போடுதோம்?" என்றேன்.

"எல்லா மாடிக்குமா முதலாளி?"

எல்லா மாடி என்றால் அவனுக்குத்தானே சுமை. "எல்லா மாடிக்கும்."

"ஒரு நாளைக்கு மட்டுமா, தினமுமா?"

"தினமும்தாம்ல."

"கஸ்டமர் இல்லாத நேரமெல்லாம் உக்காரலாம், அப்படித்தான முதலாளி? ஒரு நிமிஷம் இருங்க, நாலு பேரு காதுல கேக்கட்டும், ஸ்பீக்கர்ல போடுதேன்."

போட்டான். நான் அண்டாவை நன்றாகத் தட்டி, எல்லா மாடியும் உட்காரலாம் என்று அறிவித்தேன். அந்த நேரம் பார்த்து நம்ம ஓட்டைக்காரி, "கதவுகள் மூடுகின்றன" என்றாள் சார். கதவு மூடித்தான் இருந்தது, அவளுக்கு இடையிடையே அப்படிக் கிறுக்குப் பிடிக்கும். எனக்கு உயிர் போயிற்று. இசக்கிப்பாண்டி ஸ்பீக்கரை டக்கென்று அணைத்துவிட்டு, "முதலாளி, வீட்டுல டிவி ஓடுது போல. சத்தத்தக் கொறைக்கச் சொல்லுங்க" என்றான்.

மடையன். டிவி என்று நினைத்துவிட்டான். அவன் தலைக்கு நேர் எதிரே லிஃப்டுக்கு மேல் சிவப்பு எண் எரியும், லிஃப்டு எங்கே நிற்கிறது என்று. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் அப்படியே நிற்பது தெரியும். நிமிர்ந்து பார்த்தால்தானே. இவனெல்லாம் சூப்பர்வைசர்.

அதோடு வைத்திருக்கலாம். ஆனால் அவன் கடைசியாக ஒன்று கேட்டான் பாருங்க, குரலைத் தாழ்த்தி. "முதலாளி, லிஃப்ட் பையனுக்கும் ஒரு ஸ்டூல் போட்டுரட்டுமா? அவனும் நாள் பூரா நிக்கான்."

இங்கேதான் சார் தொழில். நாம் யார் குரலை எடுத்தோமோ அவராகவே நிற்க வேண்டும். முதலாளியாக இருந்தால் என்ன சொல்வார்? போடு என்பாரா? அப்படிச் சொன்னால் அந்தக் குரல் செத்துப்போகும், சந்தேகம் வந்துவிடும். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அவனுக்கு எதுக்குல ஸ்டூலு? அவன் பாக்கது ஒரு வேலையா? பொத்தான அமுக்குதான். லிஃப்ட்காரன் நிக்கட்டும்." என் வாழ்க்கையில் அவ்வளவு அச்சாக ஒரு குரல் எனக்கு வந்ததில்லை. எனக்கே புல்லரித்தது.

அவன் விடவில்லை. "ஒரு தடவ யோசிச்சுச் சொல்லுங்க முதலாளி" என்றான்.

"யோசிக்க என்னல இருக்கு? நிக்கட்டும். வெளங்குதா?"

"சரி முதலாளி. நீங்க சொன்னா சரி."

அன்றைக்கு ஸ்டூல் தூக்கினான் சார், கண் குளிரப் பார்த்தேன். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஒவ்வொரு மாடிக்கும் நானும் லிஃப்டில் போய்க் கதவைத் திறந்து வைத்து வேடிக்கை பார்த்தேன். ஒரு தடவை என்னைப் பார்த்து, "நல்லா பாத்துக்கல" என்றான். நான் ரசிக்கிறேன் என்பதுகூட அவனுக்கு உறைக்கவில்லை.

ஆனால் அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாரும் உட்கார்ந்தார்கள். முதல் நாள் பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும், திருடுகிறவர்கள் மாதிரி. இரண்டு மூன்று நாளில் பழகிவிட்டது. முத்துச்செல்வி அக்கா செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வெள்ளிக்கிழமை நெல்லையப்பர் கோயிலில் முதலாளி பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்து எல்லாருக்கும் திருநீறு கொடுத்தாள். எனக்கும் பூசிவிட்டாள். "நல்ல மனுசன்ல, வலி வந்தாதான் அடுத்தவன் வலி தெரியும்." முதலாளி பெயருக்கு, சார். என் தொண்டை, அவர் பெயர். அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிற கடையில் நான் ஒருத்தன் மட்டும் நின்றுகொண்டு, நெற்றியில் அவருடைய திருநீறோடு மேலும் கீழும் போய் வந்தேன்.

சொல்லிவிடலாம் என்று வாய் துறுதுறுத்தது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நாலு பேர் நடுவில் முதலாளி குரலை லேசாக எடுத்தேன், "ஏ முத்துச்செல்வி, காது இருக்கா?" என்று. எல்லாரும் சிரித்தார்கள். இசக்கிப்பாண்டி பாதிச் சோற்றில் எழுந்து வந்து என்னைத் தனியாகக் கூட்டிப்போனான். "எவன் குரல வேணும்னாலும் எடு. என் குரல எடு. முதலாளி குரல மட்டும் இனி எடுக்காத. எடுத்த, பல்லத் தட்டிருவேன்." பொறாமை சார், வேறென்ன? எனக்கு ஆகச் சிறப்பாக வருகிற ஒரே குரல் அது. அதையும் பிடுங்கிக்கொண்டான்.

ஆடித் தள்ளுபடி கூட்டத்தில் ஒருநாள் முதலாளி வந்துவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல் வாக்கரைத் தள்ளிக்கொண்டு. நான்தான் மூன்றாவது மாடிக்குக் கொண்டுபோனேன். கதவு திறந்தது. பட்டுப் பிரிவில் மட்டும் கூட்டம், மற்ற பக்கமெல்லாம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். முதலாளியைப் பார்த்ததும் எழுந்திருக்க வேண்டுமா வேண்டாமா? ஒருத்தரும் எழவில்லை. அவர் சொல்லித்தானே உட்கார்ந்தார்கள். முத்துச்செல்வி அக்கா உட்கார்ந்தபடியே கும்பிட்டாள், கண்ணெல்லாம் தண்ணீர். முதலாளி முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. இசக்கிப்பாண்டி பக்கம் திரும்பி, அண்டாவைத் திறக்கிறார், "ஏ இசக்கி" என்கிறார், அதற்குள் புடவை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் முதலாளியா? பிள்ளேளை உக்கார வச்சிருக்கீயளே, நல்லாருப்பிய. என் மவளும் இப்படி ஒரு கடையிலதான் நிக்கா. இனி எங்க குடும்பத்துக்கு ஜவுளின்னா இங்கதான்."

முதலாளி பெரியம்மாவைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார். இசக்கிப்பாண்டி, "நீங்க போன்ல சொன்னியள்லா முதலாளி" என்றான். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. ஆபரேஷன் மாத்திரை மயக்கத்தில் என்னென்ன பேசினோம் என்று அவருக்கே தெரியாது போல.

"ஆமா," என்றார் முதலாளி. "நாந்தான் சொன்னேன்."

திரும்பி லிஃப்டுக்குள் வந்தார்கள், அவரும் இசக்கிப்பாண்டியும். மூன்று பேர்தான் உள்ளே. ஐந்தை அழுத்தி, "ஐந்தாவது மாடி, அலுவலகம்" என்றேன். ஓட்டைக்காரி உடனே, "கதவுகள் மூடுகின்றன" என்றாள். இசக்கிப்பாண்டி நிமிர்ந்து அந்த ஓட்டையைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

முதலாளிக்குக் கோபத்தை எங்கே இறக்குவது என்று தெரியவில்லை, என் மேல் இறக்கினார். "அதான் மேல ஒருத்தி கத்துதாளே. இவன் எதுக்கு இங்க? நாளையிலேருந்து இவன நிறுத்திரு."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு லிஃப்டு கொஞ்சம் குலுங்கியது.

இசக்கிப்பாண்டி சொன்னான். "நீங்கதான முதலாளி சொன்னிய, இவன் லிஃப்ட்லயே நிக்கட்டும்னு."

"நானா?"

"ஸ்டூல் போடச் சொன்னியள்லா, அதே போன்லதான். லிஃப்ட் பையனுக்கும் போடவான்னு கேட்டேன். லிஃப்ட்காரன் நிக்கட்டும்னிய. ரெண்டு தடவ கேட்டேன் முதலாளி. ரெண்டு தடவையும் அதான் சொன்னிய."

முதலாளி வாக்கரைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். ஸ்டூல் அவர் சொன்னது என்றால் இதுவும் அவர் சொன்னதுதான். ஒன்றை இல்லை என்றால் மற்றதும் இல்லை என்றாகும். கீழே அந்தப் பெரியம்மா இன்னும் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கதவு திறந்தது. "சொன்னா சொன்னதுதான்," என்றார். "நிக்கட்டும்."

பார்த்தீங்களா சார் வன்மத்தை? எனக்கு அன்றைக்கே விடுதலை கிடைத்திருக்கும். சென்னைக்கு ரயில் ஏறியிருப்பேன், டிவியில் பேசியிருப்பேன். அப்பா வீட்டுக்கு வராதே என்றிருப்பார், அது வேறு விஷயம், எப்படியும் சமாளித்திருப்பேன். நான் சொன்ன வார்த்தையையே எடுத்து என்னை இந்தப் பெட்டிக்குள் ஆணியடித்து நிறுத்திவிட்டான். நீங்களே போய்விடலாமே என்கிறீங்களா? போவேன். போகத்தான் போகிறேன். தீபாவளி கழியட்டும்.

அதோடு விட்டானா? மறுநாள் காலை வந்து பார்க்கிறேன், என் லிஃப்டுக்குள் மூலையில் இந்த அட்டைப்பெட்டி. இருக்கிற இடமே இத்தனூண்டு. "இது எதுக்கு அண்ணாச்சி இங்க?" என்றேன். "கோடவுன்ல எடமில்ல. இங்கன கெடக்கட்டும். தொடாத" என்றான். தள்ளிவைக்கலாம் என்றால் நகராது, அப்படித் திணித்திருக்கிறான். தொடாதே என்றால் விடுவேனா நான்? கதவு மூடியதும் அது மேலேயே ஏறி உட்கார்ந்தேன். அன்றையிலிருந்து ஆள் இல்லாத நேரமெல்லாம் அதில்தான். அவன் வைத்த பெட்டி மேலேயே உட்கார்ந்து அவனைப் பழிவாங்குகிறேன், அந்த மடையனுக்கு இன்றுவரை தெரியாது. போன மாதம் ஒரு பக்கம் அமுங்கிவிட்டது. மறுநாள் பார்த்தால் அதே இடத்தில் புதுப்பெட்டி. என்னைச் சீண்டுவதில் மனுஷனுக்கு அவ்வளவு அக்கறை.

கொஞ்சம் தள்ளி உட்காருங்க சார், இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. ஆங், இப்படி. கால் வலிக்குச் சுகமாக இருக்கிறதா?

இருங்க. குலுங்கியது பார்த்தீங்களா? மெக்கானிக் வந்துவிட்டான். ஏறுகிறது. உங்கள் பையை எடுத்துக்கொள்ளுங்க. வீட்டம்மா கேட்டால், "தம்ம்பி... லிஃப்டு நின்னுபோச்சு" என்று அதே மூக்கால் சொல்லுங்க, நம்புவார்கள்.

கேட்கிறதா? வெளியே இருமல். இரண்டு தடவை. அந்தாள்தான். நான் எழுந்துகொள்கிறேன், நீங்க வாடிக்கையாளர், உட்காரலாம். இதுதான் சார் எனக்கு ஆகவே ஆகாதது. மாடி முழுக்கச் சுற்றுகிறான், ஒரு இருமல் கிடையாது. இந்தக் கதவுப் பக்கம் வந்தால் மட்டும், திறப்பதற்கு முன்னால் சரியாக இரண்டு தடவை இருமுவான். நான் இப்படி எழுந்து நிமிர்ந்து நின்ற பிறகுதான் கதவே திறக்கும். என் மூஞ்சியைப் பார்த்தாலே அவனுக்குத் தொண்டை அரிக்கிறது, அவ்வளவு வெறுப்பு.

மூன்றாவது மாடி, பட்டுப் பிரிவு. பார்த்து இறங்குங்க சார். பெட்டியில் கால் இடித்துவிடப் போகிறது.